முக்தியார்

பழைய கிரயப் பத்திரங்களில் 'இன்னாருடைய முக்தியார் இன்னார்' என்று எழுதியிருக்கும். அரபியில் 'முக்தார்' என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பாரசீகம், உருது வழியாகக் கச்சேரித் தமிழில் கலந்த சொல் இது. தன் சார்பில் செயல்படும் அதிகாரத்தை முக்தியாருக்கு எழுதித் தரும் ஆவணம் முக்தியார்நாமா. இன்று பேச்சில் 'பவர்'. பத்திரத்தில் 'பொது அதிகார ஆவணம்'. இலங்கையில் 'அற்றோணித் தத்துவம்'.

எனக்குப் பழஞ்சொல்தான் பிடித்திருக்கிறது. தேர்ந்தெடுத்த ஒருவர் அதற்குள் இருக்கிறார். அந்தத் தேர்வு தெளிந்த மனத்தோடு நடந்திருக்க வேண்டும். அந்தத் தெளிவு நீடிக்கவும் வேண்டும். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் பொதுவாக முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு. சாவியை வைத்த இடம் மறப்பது இதில் சேராது. தன் நன்மை தீமையை எடைபோடும் திறன் போவதே கணக்கு. அம்மாவுக்கு மறதிநோய் முற்றிய பிறகும் பழைய பவரை நீட்டும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் போன பின்னும் செல்லும் அதிகாரத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இங்கே அதற்கு வழியில்லாமல், பாதுகாவலர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் போகிறார்கள். இது பெருங்குறை.

அதிகாரம் முடிந்தாலும் கடமை உடனே முடியாது. ஒப்படைத்தவரின் நலன்களைக் காக்க முகவர் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 209ஆம் பிரிவு. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 213. கேட்கும் நினைவே போனவருக்கோ, பென்ஷன் வரவும் மருந்துச் செலவும் யாரும் கேட்காமலே தனிக் கணக்காக எழுதப்பட வேண்டும்.