முயல் பிடிப்பவர்கள்

லண்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கான எச்சரிக்கை நூல்களில் நான் படித்தவற்றுள் சிறந்தது 1591இல் அச்சானது. எழுதியவர் ராபர்ட் கிரீன். கேம்பிரிட்ஜில் படித்து, நாடகமும் கதையும் எழுதிப் பிழைத்து, அடுத்த ஆண்டே வறுமையில் இறந்துபோனவர்.

அன்று நீதிமன்றங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்தன. வழக்குக்காக வெளியூர்க் குடியானவர்கள் வருவார்கள். வந்த வேலை முடிந்ததும் செயின்ட் பால் தேவாலயம், ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட் என்று வேடிக்கை பார்த்தபடி உலவுவார்கள். மடியில் பணம் இருக்கும். கிரீனின் நூலில் இவர்களுக்குப் பெயர் முயல்கள்.

முயலைப் பிடிக்க மூவர் வேண்டும். முதலாமவன் தெரிந்தவரைப் போல வழிமறித்து நலம் விசாரிப்பான். "நீங்கள் நினைக்கிற ஆள் நான் இல்லை" என்று குடியானவர் தன் பெயரையும் ஊரையும் சொல்வார். மன்னிப்புக் கேட்டு நகர்ந்துவிடுவான். அவன் வேலை முடிந்தது. அடுத்த தெருவில் இரண்டாமவன் எதிர்ப்பட்டு, பெயர் சொல்லி அழைத்து, ஊர்க்காரர்களை எல்லாம் விசாரித்து, மதுக்கடைக்கு அழைத்துப் போவான். அங்கே சீட்டாட்டம். மூன்றாமவன் வழிப்போக்கனைப் போல உள்ளே நுழைவான். அவனை ஏமாற்றுவதற்கென்று இரண்டாமவன் நம் குடியானவருக்கு ஒரு சீட்டு வித்தை சொல்லித் தருவான். தான் இன்னொருவனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டேதான் முயல் ஏமாறுகிறது. பிறகு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இதற்கும் மசியாதவருக்கு வேறு வழி இருந்தது. முன்னால் போகிறவன் ஒரு ஷில்லிங்கைத் தரையில் நழுவவிடுவான். குனிந்து எடுத்தால், பின்னால் வருகிறவன் பங்கு கேட்பான். சரி, சேர்ந்து குடித்துத் தீர்க்கலாம் என்று மறுபடியும் மதுக்கடை. சென்னையில் வங்கி வாசலில் "சார், உங்க பணம் கீழே கிடக்கு" என்று பத்து ரூபாய்த் தாள்களைக் காட்டிப் பையைத் தூக்குகிறவர்களும், பாரிஸில் சேன் நதிக்கரையில் பித்தளை மோதிரத்தைக் 'கண்டெடுப்பவர்களும்' அந்த ஷில்லிங்கின் வாரிசுகள். (கிரீனும் சும்மா இல்லை. 1552இல் வந்த ஒரு சூதாட்ட நூலிலிருந்து பல பகுதிகளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.)

அந்த மண்டபம் இன்றும் நாடாளுமன்றக் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது. வெளியே வந்தால் சில நிமிட நடையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். கோடையில் ஊரிலிருந்து யார் வந்தாலும் பிக் பென் பார்க்க அங்கேதான் அழைத்துப் போவேன். நடைபாதையில் ஒரு விரிப்பு, மூன்று கோப்பைகள், ஒரு பந்து. நம் திருவிழாக்களில் நடக்கும் மூணு சீட்டின் அண்ணன். ஐம்பது பவுண்டு ஜெயித்துக் குதிக்கும் பெண்மணியும், "நடுக் கோப்பைதான்" என்று காதருகே சொல்லும் பெரியவரும் ஆட்டக்காரனின் ஆட்கள். நீங்கள் பணம் வைக்கும் நேரத்தில் பந்து அவன் கையில் இருக்கும். கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும், பர்ஸ் போய்விடும்.

இதையே வில்லியம் ஃப்ரித் வரைந்திருக்கிறார். 1858இல் ராயல் அகாடமியில் வைக்கப்பட்ட 'டெர்பி நாள்' ஓவியத்தைக் காணத் திரண்ட கூட்டத்தைத் தடுக்கக் கம்பித் தடுப்பு போட வேண்டியிருந்தது. இன்று அது டேட் சேகரிப்பில் இருக்கிறது. இடது ஓரத்தில் கோப்பைக்குப் பதில் விரலுறைகளை வைத்து அதே ஆட்டம். ஒருவர் பணத்தாளை எடுக்கிறார்; பக்கத்தில் கைக்கடிகாரம் வராத காலத்து இளைஞன் ஒருவன், சங்கிலிக் கடிகாரத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பைகளில் கைவிட்டு நிற்கிறான். 1856இல் பந்தயம் பார்க்கப் போன ஃப்ரித்தே பணம் வைக்க இருந்தார். உடன் வந்த ஓவியர் அகஸ்டஸ் எக் தடுத்திருக்கிறார். உடனே பாதிரியார் உடையில் நின்ற ஒருவர், பாதிரியார் பேசக் கூடாத மொழியில் எக்கை ஏசினாராம். அவரும் கூட்டாளி. தன் சுயசரிதையில் ஃப்ரித் இதைச் சொல்கிறார்.

கடந்த இலையுதிர் காலத்தில் முதுகலை படிக்க வந்த எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு உள்துறை அமைச்சகத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வந்தது. வீசாவில் பிழை, இன்றே 1,200 பவுண்டு அபராதம், இல்லையென்றால் நாடு கடத்தல். "மாமா, என் பேரு, காலேஜு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். முதலாமவனின் வேலை அது. என் தொழிலில் இதற்குச் சோஷியல் இன்ஜினியரிங் என்று பெயர் வைத்து ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி நடத்துகிறார்கள்; வழிமறிக்க ஃப்ளீட் தெரு வேண்டாம், கசிந்த தரவுத்தளம் ஒன்று போதும். பணம் போய்ச் சேரும்வரை போனை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அவள் பக்கத்தில் ஓர் எக் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

உள்துறை அமைச்சகம் தொலைபேசியில் அபராதம் வசூலிப்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 159ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவோடு இணைப்பார்கள். அன்று மாலையே அழைத்தோம். பிரிட்டனுக்குள் வங்கிக் கணக்கிலிருந்து ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. பரிசு அட்டையாகக் கொடுத்திருந்தால் இந்த விதி உதவாது. அவள் வங்கி, விதி அனுமதிக்கிறபடி நூறு பவுண்டைக் கழித்துக்கொண்டு 1,100ஐத் தந்தது.