வீடு வாங்கிப் பூட்டிப் போடலாமா?

தேக்கா பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைபவர்களுக்கு இந்தக் கேள்வி வரும்: "வீடு கிடைக்கிறதே கஷ்டம். இதுல சிலர் வாங்கிட்டுச் சும்மா பூட்டி வைக்கலாமா?"

பதில், அது எந்த வீடு என்பதைப் பொறுத்தது.

வீவக வீடு என்றால்?

கூடாது. வாங்கியவர் பொதுவாக 5 ஆண்டு அதில் குடியிருக்கவேண்டும். பிளஸ், பிரைம் வீடுகளுக்கு 10 ஆண்டு. மீறினால் எச்சரிக்கை, அபராதம். வீடே கைவிட்டுப் போகலாம்.

அந்தக் காலம் முடிந்ததும் குடிமக்கள் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். நிரந்தரவாசிகள் விடமுடியாது. பிளஸ், பிரைம் வீடுகளுக்கு அந்த அனுமதி எப்போதுமே இல்லை.

தனியார் வீடு என்றால்?

பூட்டி வைக்கத் தடையில்லை. ஆனால் வரி கட்டணும்.

முன்பு வீடு காலியாக இருந்த காலத்துக்குச் சொத்து வரியைத் திரும்பப் பெறலாம். 2014 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை இல்லை.

வீட்டின் ஆண்டு மதிப்பு 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரே குடியிருந்தால், 2025 விகிதப்படி வரி 720 வெள்ளி, தள்ளுபடிக்கு முன். குடியிருக்காவிட்டால் 3,600 வெள்ளி. வாடகைக்கு விட்டாலும் அதேதான், பூட்டி வைத்தாலும் அதேதான்.

கனடாவின் வான்கூவர் நகரில் காலி வீடுகளுக்கென்றே தனி வரி உண்டு. இங்கே அப்படி இல்லை.

வாடகைக்குப் போகிறீர்களா?

- வீவக ஒப்புதல் வாங்கியாச்சா என்று முதலில் கேளுங்கள்.
- வீவக வீட்டுக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம், தனியார் வீட்டுக்கு 3 மாதம்.

"ரெண்டு வாரத்துக்கு மட்டும்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுவது நல்லது.