கலையும் கலைஞனும்: கண்டி மலைநாடு கற்பிக்கும் பாடம்

அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் யாவற்றிலும், நலிந்துபோன கலைகளுக்குப் புத்துயிர் அளிக்கவேண்டும் என்ற குரல் ஒரு கட்டத்தில் எழுந்தே தீர்ந்திருக்கிறது. நம் நாட்டில் அக்குரல் அழுத்தமாக ஒலித்த இடம் கண்டி. கைவினை, கல்விக்கூடம், கட்டடம், அரங்கு எனப் பல துறைகளிலும் நூறாண்டுகளுக்கு மேலாக அங்கு முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றைப் போற்றுவோர் பலர். ஆயினும் வரலாற்றை மக்கள் நிலையில் நின்று நோக்கும் நாம் ஒரு கேள்வியைக் கேட்காமலிருக்க முடியாது. புத்துயிர் பெற்றது கலை மட்டுமா, அல்லது அதைக் காத்து வந்த கலைஞனும் சேர்ந்தா?

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்தோடு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசன் போனான் என்பது மட்டுமன்று. அரசனை நம்பியிருந்த தச்சனும் கொல்லனும் தட்டானும் ஓவியனும் ஆதரவற்றனர். கண்டிய அமைப்பில் கைவினைஞன் கூலிக்கு வேலைசெய்தவன் அல்லன். அவனுக்கு வயல் இருந்தது. அவ்வயலுக்கு ஈடாக அரண்மனைக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தன் தொழிலைச் செய்துகொடுத்தான். எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் இன்றும் நாம் கண்டு வியக்கும் செதுக்கல்களுக்குப் பின்னால் இத்தகைய நிலமானிய உறவே நின்றது.

இவ்வுறவில் கொடுமையும் இருந்தது. இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தின் சுமை ஏழைக் குடியானவனின் முதுகை வளைத்தது. 1832இல் அது ஒழிக்கப்பட்டபோது, விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களில் ஊழியம் நீடித்ததாயினும், பொதுவாக மக்கள் ஒரு தளையிலிருந்து விடுபட்டனர். ஆனால் அடுத்த தளை விரைவிலேயே வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசின் உடைமையாகக் கருத வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. ஆலைப் பொருள்களும் சந்தைக்கு வந்தன. கைவினைஞனின் நிலமும் போயிற்று, சந்தையும் போயிற்று. கலை நலிந்ததற்கு இரசனைக் குறைவு காரணமன்று. பொருளாதார மாற்றமே காரணம்.

இந்த உண்மையை ஓரளவு முதலில் உணர்ந்து எழுதியவர்களுள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், 1903 முதல் 1906 வரை கனியப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராக நாடெங்கும் சுற்றியபோது கண்டியக் கிராமங்களின் கைத்தொழில்களைக் கண்டார். 1908இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவரது பெருநூல், இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 பிரதிகளாக அச்சிடப்பட்டது. பொருள்களை மாத்திரம் வருணிக்காமல், அவற்றைச் செய்தவனின் நிலம், சாதி, ஊழியம், கூலி ஆகியவற்றையும் அவர் அதில் ஆராய்ந்தார். அது அவரது பெருமை.

ஆனால் அவரது எல்லையையும் நாம் காணவேண்டும். பழைய கட்டடங்களும் கலைகளும் சிதைவது குறித்து 1905இல் அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் கண்டியப் பிரதானிகளை விளித்தது, கைவினைஞரை அன்று. பழைய சமுதாயத்தின் ஒழுங்கைக் கண்ட அளவுக்கு, அவ்வொழுங்கின் அடியில் கிடந்தவனின் வலியை அவர் காணவில்லை. மேலிருந்து வந்த மறுமலர்ச்சி பின்னரும் இவ்வழியிலேயே சென்றது. கண்டி நடனத்தை நோக்குக. சடங்குக் களத்தில் அதைப் பேணி வளர்த்தவர்கள், தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்ட பெரவா சாதியினர். சுதந்திரத்தின் பின் அது பள்ளிப் பாடமாயிற்று; தேசத்தின் சின்னமாயிற்று. நடனத்துக்குக் கிடைத்த மரியாதை, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களுக்கு அதே அளவில் கிடைத்ததா என்று கேட்டால், ஆம் என்று கூற நம்மால் முடியவில்லை.

கட்டடக் கலையிலும் இம்முயற்சியைக் காணலாம். கண்டி திரித்துவக் கல்லூரியில் 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அபிடேகம் செய்யப்பட்ட சிற்றாலயம், பொலன்னறுவைக் காலக் கற்றூண் மண்டபத்தை ஒட்டி எழுந்தது. அதன் சுவர்களில் டேவிட் பெயின்ரர் தீட்டிய விவிலியக் காட்சிகளில் நம் நாட்டு மனிதரையும் நிலத்தையும் காண்கிறோம். பின்னர் பேராதனையில் ஹந்தானை மலையடிவாரத்தில் பல்கலைக்கழகம் அமைந்தது. அபர்குறொம்பி, ஹொலிடே ஆகியோரின் திட்டத்தைக் கட்டடங்களாக்கியவர் ஷேர்லி டி அல்விஸ். பழைய சிங்களக் கட்டடங்களின் தூணும் கூரையும் அங்கு மீண்டும் தோன்றின. 1952இல் மாணவர் அங்குக் குடிபுகுந்தபோது கட்டடம் சுதேசியமாயிருந்தது. அதனுள் ஒலித்த போதனாமொழியோ ஆங்கிலம். கல்லில் வந்த மறுமலர்ச்சி சொல்லில் வரவில்லை.

சொல்லில் அது வந்தது எவ்வாறு? 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும், 1960 அளவில் கலைப் பிரிவில் புகுந்த தாய்மொழிப் போதனையுமே அதற்கு வழிதிறந்தன. உழவன் மகனும் மீனவன் மகனும் பேராதனைக்கு வந்தனர். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. ஊர்க் கூத்தையும் பாட்டையும் கொண்டுவந்தனர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆற்றிய பணியை இப்பின்னணியிலேயே மதிப்பிடவேண்டும். 1956இல் சரச்சந்திரரின் 'மனமே', கிராமிய நாடகம் என்ற சிங்களக் கூத்துமரபைக் கற்றோர் அரங்குக்குக் கொணர்ந்திருந்தது. அதற்கு அவர் துணைகொண்டது கிராமத்து ஆசான் ஒருவரையே. அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது ஆய்வாளர் துணிபு. தமிழிலும் அவ்வாறு செய்யலாம் எனக் கண்ட வித்தியானந்தன், 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' எனப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். வட்டக்களரியில் விடியவிடிய ஆடிய கூத்து, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்காகச் சுருக்கப்பட்டது. ஆட்டமும் தாளமும் செம்மைபெற்றன. வட்டக்களரியின் நெருக்கம் குறைந்தது என்ற குறையும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இங்கு நிகழ்ந்தது முந்திய முயற்சிகளினின்றும் வேறுபட்டது. வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் பயின்று பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடியபோது, கூத்து யாருடையதோ அவர்களின் பிள்ளையே அதன் நடிகனாகவும் பின்னர் ஆய்வாளனாகவும் ஆனான். எழுத்தறிவற்றவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று தன் சொந்தக் காலில் நின்று பேசியது. சில ஆண்டுகளுக்குள் அதே கூத்துவடிவம் புதிய பொருளையும் ஏற்றது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, கோயிற் கதவடைப்பைக் கண்டித்த 'கந்தன் கருணை' கூத்தாக ஆடப்பட்டது. பழங்கலை வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, பேராதனையிலிருந்து சற்றே நிமிர்ந்து ஹந்தானை மலைச்சரிவைப் பார்ப்போம். அங்கே தேயிலை. அதன் நடுவே லயங்கள். வரிசையாக அடுக்கிய அறைகள்; அறையொன்று ஏறக்குறைய 10க்கு 12 அடி; ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். இதுவும் ஒரு குடியிருப்புத் திட்டமே. மனிதரை உழைப்புக் கருவிகளாக மட்டுமே எண்ணி வரைந்த திட்டம்.

இம்மக்களுக்குக் கலை இல்லாமலில்லை. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றித் தப்பும் உருமியும் முழங்க ஆடப்படும் காமன் கூத்தில், பகலெல்லாம் கொழுந்தெடுக்கும் தோட்டமே இரவில் அரங்காகிறது. மன்மதன் எரிய, ரதி புலம்ப, பார்ப்போர் கண்கள் கலங்குகின்றன. இக்கூத்துக்கு எவரும் புத்துயிர் அளிக்கவில்லை, அது சாகவேயில்லை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பாடல்களைப் பாடியவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிராமத்துப் பிள்ளைக்குப் பேராதனைக் கதவைத் திறந்த இலவசக் கல்வி, எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, தோட்டத்துப் பிள்ளையை எட்டவில்லை. ஒரே மலையின் அடிவாரத்தில் மட்டக்களப்புக் கூத்து மேடையேறிய காலத்தில், அதன் சரிவில் ஆடப்பட்ட கூத்துக்கு மேடை கிடைக்காததன் காரணம் இதுவே.

மலைச்சரிவில் வாழும் மற்றொரு தீவு மக்களின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. பிலிப்பைன்ஸ் தீவுகளில், லூசோன் மலைநாட்டு இபுகாவோ மக்கள் தாம் வெட்டிய படிவயல்களில் அறுவடையின்போது 'ஹுட்ஹுட்' என்னும் நெடும்பாட்டைப் பாடுவர். முன்னின்று பாடுவோர் பெரும்பாலும் முதிய பெண்கள். 2001இல் யுனெஸ்கோ அதனைச் சிறப்பித்தது. அந்நாட்டில் 'வாழும் மரபுப் பள்ளிகள்' என்ற திட்டமும் உண்டு. அப்பள்ளிகளில் ஊரின் முதிய கலைஞரே ஆசிரியர்; ஊரின் இளைஞரே மாணவர். பாட்டைக் காக்கவேண்டுமாயின் பாடுபவளையும், அவள் நின்று பாடும் வயலையும் காக்கவேண்டும் என்ற உண்மையை அங்கும் காண்கிறோம்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் முன் உள்ள பணி இதிலிருந்து தெளிவாகிறது. கலைவிழாவுக்கு மாணவருக்கு வேடம் கட்டிவிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அண்ணாவியாரும் உருமிக்காரரும் விழா மேடைக்கு மட்டுமன்றி வகுப்பறைக்கும் வரவேண்டும். ஆசிரியர் என்ற மதிப்போடும், உரிய ஊதியத்தோடும் வரவேண்டும். தோட்டத்துப் பிள்ளை தன் பாட்டியின் பாட்டை வெட்கமின்றி வகுப்பிலே பாடும் நிலை வரவேண்டும். அவர்கள் வாழ ஒரு வீடும், அது நிற்க உரிமையுள்ள ஒரு துண்டு நிலமும் வேண்டும் என்ற கோரிக்கை, கலைக்குப் புறம்பானதன்று. கண்டியக் கைவினைஞன் நிலம் இழந்த கதையைக் கற்ற நாம், அக்கோரிக்கையைக் கலை இயக்கத்தின் முதற் கோரிக்கையாகவே கொள்ளவேண்டும்.