பத்து ரூபாய் பெறாத பூனை

1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 428 என்றொரு பிரிவு இருந்தது. பத்து ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள விலங்கைக் கொன்றாலும் முடமாக்கினாலும் தண்டனை. மாட்டுக்கு விலை உண்டு, ஆட்டுக்கு உண்டு, சேவலுக்குக்கூடச் சந்தையில் ஒரு விலை சொல்வார்கள். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் பூனையைக் காசு கொடுத்து வாங்கியவர் யார்? 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் வந்து பத்து ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டது. அதுவரை அந்தப் பிரிவின் கண்ணில் ஊர்ப் பூனை பட்டதே இல்லை.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அரிசி மூட்டைக்கு எலி, எலிக்குப் பூனை என்று வேலை நாள் முழுக்கப் பார்த்தவள். பக்கத்துப் பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி மூட்டைகளைக் கப்பலேற்றினார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் எலி பிடிக்கப் பூனை வளர்ப்பது வழக்கம். எங்கள் சாம்பல் பூனைகள் அந்த வம்சம்தான் என்று ஊரில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. கருவாடு காயும் கரைக்குப் பூனை வந்து சேர டச்சுக்காரன் எதற்கு?

பழவேற்காடு ஏரி எப்படியோ பூனையும் அப்படி. முகத்துவாரம் திறந்திருந்து கடல் தண்ணீர் உள்ளே வந்தால் இறால் வரும், மடவை வரும். கரையில் செதிலும் குடலும் தலையும் குவியும். அந்த வருஷம் ஒவ்வொரு திண்ணைக்கடியிலும் ஒரு ஈத்து. மணல் மூடி முகத்துவாரம் தூர்ந்தால் வலை வெறுமனே வரும். மனிதர்கள் கூலிக்குப் போய்விடுவார்கள், பூனைகள் எலும்பும் தோலுமாக அலையும். பெண் பூனை ஆறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டே மாதம். இரை இருந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து. மீன் எவ்வளவோ அவ்வளவு பூனை.

எங்கள் ஆயா காலத்து முறையை மறைத்துப் பயனில்லை. குட்டி பெருத்தால் கோணிப்பையில் கட்டித் தோணியில் ஏற்றி அக்கரையில் விட்டுவிடுவார்கள். கண் திறக்காத குட்டி என்றால் தண்ணீரோடு போய்விடும். ஆயாவே செய்திருக்கிறாள். சாயங்காலம் அதே கையால் மிச்சப் பூனைகளுக்குக் காரப்பொடித் தலைகளைப் போட்டுக்கொண்டிருப்பாள். இதில் அவளுக்கு முரண் ஏதும் தெரிந்ததில்லை. ஆனால் அந்த முறை பலித்ததும் இல்லை. இடம் காலியானால் அடுத்த குப்பத்துப் பூனை வரும், மிஞ்சியது மறுபடி ஈனும்.

பட்டணத்தில் நாய்கள் விஷயத்திலும் இதே கதைதான். சென்னை மாநகராட்சி வண்டி வைத்துத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது, நாய் குறையவில்லை. விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1951-இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் பறந்து சாதனை செய்தவர்கள். 1959-இல் தி.நகர் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர்கள் வீட்டுக்கு எடுத்துவந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964 முதல் அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா சொல்லிவந்தார். சிவப்பு முக்கோணம் போட்டு மனிதர்களைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அழைத்த அரசாங்கம், நாய்க்கு அதையே செய்ய 1996 வரை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்தியது.

நடுவில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் சென்னையிலேயே அமைந்தது. அந்தச் சட்டத்தில் பூனையும் அடக்கம். முதல் குற்றத்துக்கு அபராதம்? பத்து ரூபாய் முதல் ஐம்பது வரை. மறுபடி அதே பத்து ரூபாய்!

2001-இல் வந்த கருத்தடை விதிகள் தலைப்பிலேயே நாய்களுக்கானவை. 2023-இன் புது விதிகளின் தலைப்பில் நாய் இல்லை, ஆனால் உள்ளே பெரும்பாலும் நாய்தான். வெறிநாய்க் கடி பயம் இருப்பதால் நாய்க்குப் பணம் வருகிறது. பூனைக்காக எந்தக் கூட்டத்திலும் யாரும் மேசையைத் தட்டுவதில்லை. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 1998-இலேயே தெருப்பூனைகளுக்கென்று அரசே ஒரு கருத்தடைத் திட்டம் நடத்தியது. 2003-இல் சார்ஸ் பயம் வந்ததும் திட்டத்தை நிறுத்திப் பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். அதன் பிறகு வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள் தன்னார்வலர்கள்தான்.

எங்கள் கரையிலும் அரசு வண்டி எதுவும் வரவில்லை. பூனைகளைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோவது பனையோலை பின்னும் இரண்டு பெண்கள், ஒரு ஆட்டோக்காரத் தம்பி, நான். கூண்டு சென்னையிலிருந்து இரவல். உள்ளே நெத்திலிக் கருவாடு வைத்தால் போதும். கதவு விழுந்ததும் மேலே துணி போர்த்திவிட வேண்டும், இருட்டானால் பூனை அடங்கிவிடும். கஷ்டம் அதற்கு முன்னால்தான். மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும், மீன் குப்பத்தில் பூனையைப் பட்டினி போடுவது லேசா? பொன்னேரி வரை ஆட்டோ, அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில். அறுவையின்போதே காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், அதை மறுபடி பிடிக்க வேண்டாம்.

"பூனைக்கும் குடும்பக் கட்டுப்பாடா, அக்கா?" என்று முதலில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நிஜமான கேள்வி வந்தது. எலி கடித்த வலையைத் தைக்கக் கூலி யார் கொடுப்பது? பூனை குறையலாம், இல்லாமல் போகக் கூடாது என்கிறார்கள் வலைக்காரர்கள். நியாயம்தான். கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும் என்று நான் சொன்னால், "இன்னிக்குப் பிடிக்கும், அது செத்தா அடுத்தது எங்கேர்ந்து வரும்?" என்று மடக்குகிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. அவன் வலைக் கொட்டகையில் ஈன்ற செவலைப் பூனையைத் தொடக் கூடாது என்பது அவன் கட்சி. குட்டிகள் பால் மறக்கட்டும், தாயைப் பிடித்தே ஆவது என்பது என் கட்சி. கூண்டு இப்போது என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.