கடிதவழி ஒரு கல்விக்கூடம்: நைப்பால் குடும்ப மடல்கள் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புலம்பெயர்ந்த இந்தியர்தம் வரலாற்றை எழுத முற்படுவோர், கப்பல் பதிவேடுகள், குடியேற்ற நாட்டு அரசின் ஆவணங்கள், தோட்ட நிருவாக அறிக்கைகள் ஆகியவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது மரபு. இவை மக்களின் எண்ணிக்கையைத் தருகின்றன. அவர்தம் எண்ணங்களைத் தருவதில்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்ய வல்லவை குடும்பக் கடிதங்கள். அவ்வகையில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டைச் சேர்ந்த இதழாளர் சீபர்சாத் நைப்பாலும், ஆக்ஸ்போர்டில் பயின்ற அவர்தம் மகன் வி.எஸ். நைப்பாலும், காசியில் பயின்ற மகள் கம்லாவும் எழுதிக்கொண்ட மடல்கள் தனிக் கவனத்திற்குரியன. 1999ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த இம்மடல்கள், புகழ்பெற்ற மகனின் இளமைக்காலத்தை அறிவதற்கான துணைச் சான்றாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டுள்ளன. அவற்றைத் தந்தை கடிதவழி நடத்திய எழுத்துக் கல்வியின் பதிவாகவும், அக்கல்விக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையின் கணக்காகவும் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குடும்பமும் காலமும்

1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் டிரினிடாட் மண்ணில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் முதன்முதலாக வந்திறங்கினர். 1917இல் அம்முறை நிறுத்தப்படும்வரை 140,000க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றோரும் உளர். கரும்புத் தோட்டங்களை நம்பி வாழ்ந்த அச்சமூகத்தில் 1906இல் பிறந்தவர் சீபர்சாத். உயர்கல்வி வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், தம் முயற்சியால் ஆங்கிலம் கற்று, 1929இல் 'டிரினிடாட் கார்டியன்' நாளிதழில் எழுதத் தொடங்கினார். அவ்விதழின் ஆசிரியராய் இருந்த கால்ட் மக்கோவன் என்னும் ஆங்கிலேயரே அவருக்கு இதழியல் ஆசானாக விளங்கினார்.

சீபர்சாத்துக்கு மக்கள் எழுவர். மூத்தவரான கம்லா, உதவித்தொகை பெற்று 1949இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அடுத்தவரான வித்யாதர் (வி.எஸ். நைப்பால்), அரசாங்க உதவித்தொகையுடன் 1950 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டின் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயிலப் புறப்பட்டார். இவ்வாறு, போர்ட் ஆப் ஸ்பெயின் நகரின் நேபாள் தெருவில் இருந்த சிறிய வீட்டிலிருந்து கடிதங்கள் இரு கண்டங்களுக்குச் சென்றன. இந்தியா குடியரசானதும், டிரினிடாட் புதிய அரசியலமைப்பைப் பெற்றதும் அதே 1950இல்தான். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீட்டு முறை பிரிட்டனில் 1954வரை நீடித்தது. இப்பின்னணியை மனத்தில் இருத்தியே இம்மடல்களை நாம் படித்தல் வேண்டும்.

தந்தை நடத்திய வகுப்பு

மகன் ஆக்ஸ்போர்டு சேர்ந்த சில வாரங்களிலேயே தந்தை ஒரு திட்டத்தை முன்வைத்தார். மகனுடைய கடிதங்களில் இயல்பான ஓட்டம் இருப்பதைப் பாராட்டிய அவர், ஆக்ஸ்போர்டு வாழ்வைப் பற்றி, குறிப்பாக அங்குள்ள மனிதர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினால், அவற்றைத் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான கடிதங்கள் என்னும் பெயரில் நூலாகத் தொகுக்கலாம் என்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்குப் பின் அந்நூல் வெளிவந்தபோது, அவர் நினைத்திருந்த பெயரையே பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஈண்டு நாம் கருத வேண்டியது அத்திட்டத்திற்குள் அடங்கியிருந்த பாடமாகும். இடங்களையும் கட்டடங்களையும்விட மனிதர்களை உற்றுநோக்குக என்பது ஒரு செய்தியாளர் தம் மாணவருக்குத் தரக்கூடிய முதற்பாடம் அன்றோ?

எழுத்தாளன் பிறரால் வெறுக்கப்படுவதைப் பற்றி மகன் எழுதியதற்குத் தந்தை தந்த மறுமொழி இன்னும் ஆழமானது. மக்கள் ஒருவனை விரும்பத் தொடங்குவதே அவன் தன் பணியைச் செவ்வனே செய்கிறான் என்பதற்கு அடையாளம் என்றார் அவர். பரிவுடன் எழுதுக என்று மக்கோவன் தமக்குப் பல ஆண்டுகளுக்கு முன் கூறியதைத் தாம் மறந்ததில்லை என்றும், பரிவு உண்மையை எழுதுவதற்குத் தடையாகாது என்றும் அவர் விளக்கினார். ஆசிரியரிடமிருந்து செய்தியாளருக்கும், செய்தியாளரிடமிருந்து கல்லூரி மாணவருக்கும் ஒரு தொழிற்பாடம் கைமாறிச் செல்வதை இங்குக் காண்கிறோம். எக்கல்லூரியிலும் இதழியல் கற்பிக்காத ஒருவர், அஞ்சல் வழியாகவே அப்பேராசிரியப் பணியை ஆற்றினார் எனலாம்.

சொல்லப்படாத செய்தி

கடிதங்களைச் சான்றாகக் கொள்வோர் அவை கூறுவனவற்றோடு கூறாதனவற்றையும் கருத வேண்டும். 1933இல் கால்நடைகளுக்குப் பரவிய வெறிநோயைத் தடுக்க அரசாங்கம் தடுப்பூசி போட முற்பட்டபோது, சிற்றூர் இந்தியர் சிலர் காளிக்கு ஆடு பலியிடுவதையே நாடினர். இதனைக் குறைகூறிச் சீபர்சாத் செய்தி எழுதினார். அதன் விளைவாக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. தாம் பழித்த அதே பலியைத் தாமே செலுத்துமாறு வற்புறுத்தப்பட்டு, இறுதியில் அவர் பணிந்தார். இந்நிகழ்ச்சி நியூயார்க் நாளிதழ் ஒன்றிலும் செய்தியாயிற்று.

இதனைத் தந்தை தம்மிடம் கூறியதில்லை என்றும், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்துப் பழைய நாளிதழ் வழியாகவே அறிந்ததாகவும் வி.எஸ். நைப்பால் பின்னாளில் எழுதியுள்ளார். பரிவுடன் எழுதுக என்னும் அறிவுரையை இந்நிகழ்ச்சியோடு சேர்த்து நோக்கும்போது, தன் சமூகத்தைப் பற்றித் தன் சமூகத்தின் நடுவிலிருந்தே எழுதியவர் பட்ட துன்பம் அதன் பின்னே இருந்திருக்கக்கூடும் என எண்ணத் தோன்றுகிறது.

கல்வியின் விலை

மகனின் கல்லூரி வாழ்க்கை எளிதாக அமையவில்லை. பணமுடை, தனிமை, மனச்சோர்வு ஆகியன அவரை வாட்டின. தந்தையின் நிலையோ அதனினும் கடினமானது. நாளிதழ்ப் பணி அவர் நேரத்தை விழுங்கியது. 1943இல் 'குருதேவா' கதைத்தொகுதியைப் போர்ட் ஆப் ஸ்பெயினிலேயே அச்சிட்டிருந்த அவர், பிபிசியின் 'கரீபியன் வாய்சஸ்' நிகழ்ச்சிக்கும் கதைகள் அனுப்பினார். இலண்டனில் தம் கதைகள் நூலாக வேண்டும் என்பதே அவரது ஆவல். 1953இல் உடல்நலம் குன்றிய நிலையில் அதற்காக மகனின் உதவியையும் நாடினார். அவ்வாவல் நிறைவேறுமுன், அவ்வாண்டு அக்டோபரில், 47ஆம் வயதில் அவர் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்; 1956இல்தான் தாயகம் திரும்பிப் பார்த்தார்.

குடும்பப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கியவர் காசியிலிருந்து திரும்பிய கம்லாவே ஆவார். தம்பி எழுத்தாளராக உருவாவதற்கு அக்காள் ஆசிரியப் பணியேற்றுக் குடும்பத்தைக் காத்தது முதன்மையான காரணங்களுள் ஒன்று. தந்தை, மகன் என்ற இருவரையே சுட்டும் நூற்பெயர் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. இத்தொகுப்பின் பதிப்பாசிரியர் கில்லன் எயிட்கன் நைப்பாலின் இலக்கிய முகவராகவும் இருந்தவர் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

புனைவும் ஆவணமும்

1961இல் வெளிவந்த 'எ ஹவுஸ் பார் மிஸ்டர் பிஸ்வாஸ்' புதினத்தின் தலைமை மாந்தர் சீபர்சாத்தை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவர். நேபாள் தெரு அங்குச் சிக்கிம் தெருவாகிறது. ஆயினும், புதினத்தைக் கொண்டு சீபர்சாத்தை மதிப்பிடுவது பொருந்தாது. புதினத்தில் நாம் காண்பவர் அல்லல்பட்டு ஒரு வீட்டைத் தமதாக்கிக்கொள்ளும் மனிதர். கடிதங்களில் காண்பவரோ ஆசான், எழுத்தாளர், தம் நூலுக்காகக் காத்திருந்தவர். அவருடைய கதைகள் மகனின் முன்னுரையுடன் இலண்டனில் 1976இல் வெளிவந்தன. அப்போது அவர் மறைந்து 23 ஆண்டுகள் கடந்திருந்தன.

முடிவுரை

இலண்டன் கிடங்கு ஒன்றில் நைப்பால் வைத்திருந்த தொடக்ககாலக் கையெழுத்துப் படிகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. குடும்பக் கடிதங்கள் அவ்வழிவிலிருந்து தப்பி, அமெரிக்காவின் டல்சா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவை எஞ்சியமையால்தான் சீபர்சாத்தின் குரலை நாம் இன்றும் கேட்க முடிகிறது.

மலாயாவிலும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் கங்காணி வழியாகவும் வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் தோட்டப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம்வரை உயர்ந்தனர். அவர்தம் வீடுகளிலும் இத்தகைய மடல்கள் பெட்டிகளில் கிடத்தல் கூடும். எழுதியவர் புகழ்பெற்றவரா என்று பாராமல் அவற்றைத் திரட்டிப் படியெடுக்கும் பணியைத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டே தொடங்கலாம். தந்தையின் மடலோடு, வீட்டைத் தாங்கிய தாயும் அக்காளும் எழுதிய மடல்களையும் தேடுமாறு அம்மாணவருக்கு அறிவுறுத்துதல் நம் கடமையாகும்.