காந்தளும் துலிப்பும்: கிழங்கு மலர்களின் வரலாறு

ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டுவோர், இளவேனில் வந்ததும் துலிப், டாபடில் முதலிய மலர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பர். படித்தபின், இத்தகைய மலர்ச்செல்வம் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குவாரும் உளர். அவ்வேக்கம் பொருந்தாது. மண்ணுக்குள் உறங்கிப் பருவம் அறிந்து எழும் மலர் ஒன்றைத் தமிழ்ப் புலவர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடியுள்ளனர். காந்தளே அம்மலர். மேலைநாட்டு மலரை எழுப்புவது குளிர். நம் மலரை எழுப்புவது மழை. வேறுபாடு இவ்வளவே. இதனை அறிந்தாலன்றிச் சங்கப் பாடலில் வரும் காந்தளை விளங்கிக்கொள்ளவும் இயலாது; வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கவும் இயலாது.

நிலத்தடியில் உணவைச் சேமிக்கும் செடிகள் பல வகை. வெங்காயம்போல் அடுக்கடுக்காய் அமைந்தது குமிழம். துலிப் இவ்வகையைச் சார்ந்தது. குங்குமப்பூச் செடிக்கு உரியது திரண்ட கந்தம். காந்தளுக்கு உரியது கிழங்கு. வடிவம் வேறாயினும் பயன் ஒன்றே. வாழ்வதற்குத் தகாத பருவம் வரும்போது இலையும் தண்டும் மடிய, உயிர் மட்டும் உணவோடு மண்ணுக்குள் ஒதுங்கி இருக்கும்.

துலிப்பின் தாயகம் ஹாலந்து என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் தோன்றிய மலர். காபூலை அடுத்த மலையடிவாரங்களில் முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று வகைத் துலிப் மலர்கள் இருந்ததைப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். துருக்கியர் அதனைத் தம் அரண்மனைத் தோட்டங்களில் போற்றி வளர்த்தனர். மூன்றாம் அகமது சுல்தானின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையுள்ள காலம் ‘துலிப் காலம்’ என்றே வரலாற்றில் வழங்கும். துருக்கியரிடமிருந்து 16ஆம் நூற்றாண்டில் அம்மலர் ஐரோப்பாவை அடைந்தது. 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்த கிளூசியஸ் என்னும் தாவர அறிஞர் அங்கே அதனைப் பயிரிட்டார். பின்னர் அதன் குமிழங்கள் வாணிகப் பொருளாகி, விலை தாறுமாறாக ஏறி, 1637 பிப்ரவரியில் வீழ்ந்தது. அதனால் நாடே பாழாயிற்று என்பது மிகைக்கூற்று எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். எனினும் ஒரு பூவின் பொருட்டு மாந்தர் கொண்ட மயக்கத்திற்கு அது சான்றாகும்.

இத்துணைச் சிறப்புடைய துலிப் பினாங்கில் ஏன் தழைப்பதில்லை? கோடையில் குமிழத்தினுள்ளே பூவின் கரு உருவாகிவிடும். ஆனால் அதன் காம்பு நீண்டு வெளிவருவதற்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை, ஏறத்தாழ 9 பாகைக்குக் குறைந்த குளிர் வேண்டும். காசுமீரத்தில் அக்குளிர் உண்டு. ஆதலின் 2007இல் ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் திறக்க முடிந்தது. நம் ஜுருவிலோ இரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. பினாங்குக் கொடிமலையின் குளிரும் இதற்குப் போதாது. குமிழத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து நடுவோர் ஒருமுறை பூக்கக் காணலாம், ஆண்டுதோறும் காண்பதற்கில்லை.

நிற்க. இனிக் காந்தளைக் காண்போம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கும் தலைவியும் தோழியும் அருவியாடிப் பூப்பறித்துப் பாறையிலே குவிக்கின்றனர். அங்கே அடுக்கிச் சொல்லப்படும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் முதலில் நிற்பது காந்தளே. திருமுருகாற்றுப்படை முருகனுக்குக் காந்தள் மாலை சூட்டுகிறது. தொல்காப்பியர் வேலனது வெறியாட்டைக் கூறும் துறைக்குக் காந்தள் என்றே பெயரிட்டார். மகளிர் விரலுக்கும், பாம்பின் படத்திற்கும், எரியும் சுடருக்கும் புலவர்கள் இதனை உவமை கூறினர். ஒரே பூவுக்கு இத்தனை உவமை எவ்வாறு பொருந்தும் என ஐயுறுவோர் செடியைக் காணவேண்டும். அரும்பு பசுமையாய்க் கவிழ்ந்து தொங்கும். மலர்ந்தபின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளையும். மஞ்சளும் சிவப்பும் கலந்து நின்று, நாளடைவில் முழுதும் செந்நிறமாகும். ஒவ்வோர் உவமைக்கும் செடியில் இடம் உண்டு.

பருவத்தையும் நோக்குக. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குறிஞ்சிக்குக் கூதிரைப் பெரும்பொழுதாக வகுத்தார் தொல்காப்பியர். முதுவேனிலின் வறட்சியில் உறங்கிய காந்தட் கிழங்கு மழை கண்டு முளைத்துக் காரிலும் கூதிரிலும் பூக்கும். பொதுமக்கள் இதற்குக் கார்த்திகைப்பூ என்று இட்ட பெயரும் அதனையே உணர்த்தும். எனவே மேலைநாட்டாரின் இளவேனில் மலருக்கு நேரானது நம் இளவேனில் மலர் அன்று, கார்கால மலரே. நாட்காட்டியைக் கொண்டு பருவத்தை மொழிபெயர்த்தால் பிழை நேரும். துயில் கலையும் காரணத்தைக் கொண்டு பெயர்த்தால் பொருள் விளங்கும்.

கலப்பை வடிவில் இரு கிளையாய்ப் பிரிந்திருத்தலின் இதன் கிழங்கு கலப்பைக்கிழங்கு எனப்பட்டது. கண்வலிக்கிழங்கு என்பதும் இதுவே. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய இடங்களில் உழவர் இதனை விதைக்காகவே பயிரிடுகின்றனர். விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லட்டியேயும் காவந்துவும் கொல்சிகம் என்னும் உறவுச்செடியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். அளவறிந்து தந்தால் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்து. அளவு மீறின் உயிரைக் கொல்லும். வள்ளிக்கிழங்கு என மயங்கி இதனை உண்டு மாண்டோர் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியுள்ளனர். ஆகவே இதனை நாட்டு மருந்தாகக் கையாளுதல் கூடவே கூடாது.

வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்குச் சில சொல்லுவேன். நீர் தேங்காத மணற்பாங்கான மண் வேண்டும். கிழங்கைக் கையுறை அணிந்து எடுத்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வசமாக நடுக. முளை இருப்பது கிளையின் நுனியில். அது ஒடிந்தால் அக்கிளை பயன்படாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் ஏறுவதற்குக் கம்போ வலையோ வேண்டும். பூத்து முடிந்து கொடி மஞ்சளித்ததும் நீரை நிறுத்துக. நம் வட்டாரத்தில் ஆண்டின் முதல் இரு மாதங்கள், ரப்பர் இலை உதிரும் காலம், ஓரளவு வறண்டவை; அப்போது கிழங்கை உலர்ந்த மணலில் உறங்கவிட்டு, ஏப்ரல் மழையோடு நடலாம். உறங்கும் கிழங்குக்கு நீர் ஊற்றுவோர் அதனை அழுகச் செய்வர். விதையிலிருந்து வளர்ப்போர் பூக்காண மூன்று நான்கு ஆண்டு காத்திருத்தல் வேண்டும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காந்தளை விடுத்து நிலசம்பங்கியை நடுவதே அறிவுடைமை. இதன் தாயகம் மெக்சிகோ; ஐரோப்பியர் அமெரிக்காவை அடைந்த பின்னரே கீழ்நாடுகளுக்கு வந்தது. அதனால் சங்க நூல்களில் இதற்கு இடமில்லை. ஆயினும் இன்று நம் மாலைகளில் இதற்கு நிலைத்த இடம் உண்டு. இரவில் மணம் மிகுதலின் மலாய் மக்களும் இரவைச் சேர்த்தே இதற்குப் பெயரிட்டனர்.

தோட்டப்பள்ளிகளில் பாடம் நடத்துவோர் அறிவர்: ‘காந்தள் - ஒரு வகைப் பூ’ என்று அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டுவிட்டு மேலே செல்கிறோம். மாணவனும் அதையே எழுதித் தேறுகிறான். அவன் முப்பாட்டன் கரும்புத் தோட்டத்திற்கும் ரப்பர்த் தோட்டத்திற்கும் வந்தபோது பாட்டின் சொல் மொழியோடு வந்தது. பொருள் ஊரிலேயே தங்கிவிட்டது. அதனை மீட்டுத் தருவது நம் கடமை. வேலியிட்ட ஒரு மூலையில், நஞ்சு என்று எழுதிய பலகையோடு ஒரு காந்தட் கொடி நிற்கட்டும். மாணவன் தொலைவில் நின்று அதன் நிறம் மாறுவதைப் பத்து நாள் பார்க்கட்டும். கபிலர் ஏன் அதனை முதலில் வைத்தார் என்பதை அவனே சொல்லுவான்.