கோப்பிக்குப் போட்ட பாதை

ஏ.எல்.இல் பொருளியல் படித்தவர்களுக்குப் 'பெறப்பட்ட கேள்வி' என்ற சொல் ஞாபகம் இருக்கும். சும்மா ஆசைக்கு யாரும் மூட்டையை லொறியில் ஏற்றுவதில்லை. எங்கேயோ ஒருவர் தேத்தண்ணி குடிக்கிறார், அதற்காக நுவரெலியாவில் ஒரு லொறி ஓடுகிறது. சரக்குப் போக்குவரத்துக்கான கேள்வி எப்போதும் இன்னொரு கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. அதை முன்கூட்டிக் கணிப்பது கஷ்டமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். எத்தனை தொன் போகும் எண்டு சொல்வதற்கு முதல், என்ன விளையும், என்ன விலைக்குப் போகும், பயிருக்கு என்ன நோய் வரும் எண்டெல்லாம் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் கணிப்பை நம்பித்தான் அரசுகள் பாதை போடுகின்றன, துறைமுகம் கட்டுகின்றன, கடன் வாங்குகின்றன. எங்கள் நாட்டில் இதற்குக் கிடைக்கிற மிகப் பழைய பாடங்களில் ஒன்று மலையக ரெயில் பாதை. இன்று எல்லாரும் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற அதே பாதைதான்.

1840களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மூட்டைகள் கொழும்புக்கு மாட்டுவண்டியில் இறங்கின. மழை பெய்தால் றோட்டெல்லாம் சேறு. மாட்டுக்கு நோய் வந்தால் வண்டியே இல்லை. துரைமாருக்கு ரெயில் வேண்டியிருந்தது. 1845இல் லண்டனில் இலங்கை ரெயில்வே கம்பனி தொடங்கப்பட்டது. ரெயிலுக்கான வாதம் எளிமையானது: கீழே இறங்குகிற கோப்பி இவ்வளவு, மேலே ஏறுகிற அரிசி இவ்வளவு, இரண்டுக்கும் இப்போது கொடுக்கிற வண்டிக்கூலி இவ்வளவு. கோப்பி வருசா வருசம் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருந்தது.

முதல் அடி உடனேயே விழுந்தது. 1847–48இல் கோப்பி விலை சரிந்தது, திட்டமும் படுத்துவிட்டது. விலை நிமிர்ந்த பிறகு, 1850களில் மீண்டும் எழும்பியது. 1857இல் கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் வந்து பாதைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய 8½ இலட்சம் பவுண் செலவாகும் என்றார். 1858 ஓகஸ்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். அதற்குப் பிறகு வந்த மதிப்பீடு 20 இலட்சம் பவுணைத் தாண்டியது. கம்பனியுடனான ஒப்பந்தம் முறிந்து, வேலை அரசின் தலையில் விழுந்தது. 1865இல் அம்பேபுச வரையும் 1867இல் கண்டி வரையும் ரெயில் ஓடியது.

இரண்டே வருசம். 1869இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு அது.

இந்த இடத்தில்தான் கணிப்பைப் பற்றி ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது. நோய் வந்தவுடனே கோப்பி விழுந்துவிடவில்லை. 1870களில் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்ததால், ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தும் காசு வந்தது. புதிதாகக் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1878 அளவில் ஏறக்குறைய 2.75 இலட்சம் ஏக்கர் கோப்பி இருந்தது. பாதையும் நீண்டது: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா. பழைய வருசங்களின் கணக்கை மட்டும் வரைந்து பார்த்தால் கோடு மேலே போவதுபோலத்தான் தெரியும். கோட்டுக்கு அடியில் செடி செத்துக்கொண்டிருந்தது.

1880களில் எல்லாம் உடைந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. 1884இல் ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. பாதை நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளைக்குப் போய்ச் சேர 1893 ஆனது.

அப்படியென்றால் அந்த ரெயில் ஏன் துருப்பிடித்துப் போகவில்லை? தேயிலை. 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, 1895இல் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கண்டிக்குப் பாதை போட முடிவெடுத்தபோது எவருடைய கணக்கிலும் தேயிலை இல்லை. கோப்பிக்கென்று போட்ட பாதையைக் காப்பாற்றியது, கணக்கிலேயே இல்லாத ஒரு செடி.

தேயிலை வெறும் பதிலீடும் இல்லை. கோப்பி அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடும். கொட்டையைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் காயவைத்துச் சுத்தம் பண்ணினார்கள். தேயிலைக் கொழுந்தோ வருசம் முழுக்கப் பறிக்கவேண்டும், பறித்த இடத்திலேயே பதப்படுத்த வேண்டும். ஆகவே தொழிற்சாலை மலைக்கு வந்தது. இயந்திரமும் தேயிலைப் பெட்டிக்கான பலகையும் மேலே ஏறின. ஒரு பயிர் மாறினால் எத்தனை தொன் என்பது மட்டுமல்ல, எந்த மாதத்தில், எந்தத் திசையில் என்பதும் மாறும். எத்தனை பெட்டி வேண்டும், களஞ்சியத்தை எங்கே கட்டுவது என்ற எல்லாமே அதோடு சேர்ந்து மாறும்.

ஆனால் 'கணிப்பு பிழைத்தாலும் கடைசியில் எல்லாம் சரியாப் போச்சு' என்று நாங்கள் கதையை முடிக்க மாட்டோம். ஏனெண்டால் அந்த 'எல்லாம்' யாருடையது?

மேலே ஏறிய அரிசி யாருக்கு? தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு. துரைமாரின் கணக்கில் அரிசி இருந்தது, அதைச் சாப்பிட்டவர்கள் இல்லை. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மூட்டைக்கு ரெயில் வந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1914இல்தான் தலைமன்னாருக்குப் பாதை திறந்தது. கோப்பி விழுந்தபோதும் கூலி கிடைக்காமல் நின்றவர்கள் அவர்களே. கணிப்பின் இலாபம் ஒரு பக்கம், நட்டம் இன்னொரு பக்கம்.

யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். கொழும்பிலிருந்து அங்கே ரெயில் போய்ச் சேர்ந்தது 1905இல், கண்டிக்குப் போய் 38 வருசத்துக்குப் பிறகு. இருக்கிற சரக்கை எண்ணிப் பாதை போடுகிற முறைக்கு ஒரு குணம் உண்டு: ஏற்கனவே போக்குவரத்து உள்ள இடத்துக்கே அது மேலும் கொடுக்கும். பாதை இல்லாததால் சரக்கு இல்லை, சரக்கு இல்லாததால் பாதை இல்லை. இந்த வட்டத்தைக் கணக்கு உடைக்காது, அரசியல் முடிவுதான் உடைக்கவேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு, தேயிலையை நம்பி 1900களின் தொடக்கத்தில் ஒரு சிறு ரெயில் பாதை போட்டார்கள். தேயிலை கடைசிவரை இருந்தது. ஆனால் லொறி வந்துவிட்டது. 1940களில் பாதை மூடப்பட்டது. சரக்கைச் சரியாகக் கணித்தாலும், அது எதில் ஏறும் என்பதில் பிழைக்கலாம்.

இன்றைய திட்டமிடலாளர்கள் இதை நான்கு கேள்விகளாகப் பிரிக்கிறார்கள்: எங்கே எவ்வளவு சரக்கு உருவாகும், அது எங்கே போகும், எந்த வாகனத்தில் போகும், எந்தப் பாதையில் போகும். கணினி வந்துவிட்டது, தரவு கூடிவிட்டது. என்றாலும் முதல் கேள்வியில் பிழைத்தால் மற்ற மூன்றும் பிழையை அழகாகப் பெருக்கித்தான் தரும். அதனால் ஒரே எண்ணை நம்பாமல், பயிர் விழுந்தால் என்ன, விலை விழுந்தால் என்ன, எரிபொருள் இல்லாவிட்டால் என்ன எண்டு பல நிலைமைகளை வைத்துப் பார்ப்பது இப்போது வழக்கம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த முறை ஒரு துறைமுகத்துக்கோ அதிவேகப் பாதைக்கோ 'இத்தனை தொன் வரும்' என்று யாராவது எண்ணைக் காட்டினால், அந்த எண் எந்தச் செடியில் தொங்குகிறது என்று கேளுங்கள். அந்தச் செடி பட்டுப்போனால் கடனைக் கட்டப்போவது யார் என்பதையும் கேளுங்கள். 1850களில் இதைக் கேட்கக்கூடிய இடத்தில் மலையில் வேலை செய்தவர்கள் இருக்கவில்லை. எங்களுக்கு இப்போது வாக்கு இருக்கிறது, வாயும் இருக்கிறது.